துடுப்பு நறுக்கிய மீன்தான் வீட்டுக்கு: சால்மன், ஸ்டீல்ஹெட் பிடி வரம்பும் டேக் விதியும்

ஆட்டுக் கிடை போடுகிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள். இரண்டு பேருடைய ஆடுகள் ஒரே தரிசில் மேய்ந்து கலந்துவிட்டால், பிரிக்கும்போது காதைத்தான் பார்ப்பார்கள். குட்டியாக இருக்கும்போதே காதில் போட்ட வெட்டு, எந்த ஆடு யாருடையது என்று காட்டிவிடும். அதன்பிறகு வாக்குவாதத்துக்கு வேலை இல்லை.

அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் இருக்கும் வாஷிங்டன், ஓரிகன், ஐடஹோ, கலிபோர்னியா மாநிலங்களில் இதே வேலையை மீனுக்குச் செய்கிறார்கள். அரசுப் பொரிப்பகத்தில் வளர்த்த குஞ்சுகளுக்கு ஒரு சின்னத் துடுப்பை நறுக்கி ஆற்றில் விடுகிறார்கள். அவை கடலுக்குப் போய், பெரிதாகி, மறுபடி அதே ஆற்றுக்கு வரும்போது, தூண்டில் போடுகிறவர் முதுகைப் பார்க்கிறார். துடுப்பு இல்லையென்றால் பொரிப்பக மீன், வீட்டுக்கு எடுத்துப் போகலாம். துடுப்பு இருந்தால் ஆற்றிலேயே பிறந்த மீன், அதைத் தண்ணீரிலேயே விட்டுவிட வேண்டும்.

இது நமக்கு எதற்கு என்று கேட்கலாம். சியாட்டில், போர்ட்லாந்து பக்கம் பிள்ளைகள் வேலை பார்க்கும் குடும்பங்கள் இன்று நம் கிராமங்களிலும் உண்டு. கோடையில் பேரப்பிள்ளையைப் பார்க்கப் போய், ஆற்றங்கரையில் நாலு பேர் தூண்டில் போடுவதைப் பார்த்தால் நமக்கும் கை துறுதுறுக்கும். நம் ஏரியில் போடுகிற மாதிரி அங்கே போட்டால் அபராதம் நிச்சயம், சில நேரம் வழக்கே வரும். இன்னொன்று, பொரிப்பகக் குஞ்சை வாங்கிக் குளத்தில் விடுகிற நம் மீன் வளர்ப்பாளர்களுக்கு, பொது ஆற்றில் குஞ்சு விடுகிறவர்கள் எதைக் கண்டு பயப்படுகிறார்கள் என்று தெரிந்துகொள்வதும் நல்லதுதான்.

என்ன மீன் இது?

சால்மன் ஆற்றின் சரளைக்கல் படுகையில் முட்டையிலிருந்து பிறக்கும். கொஞ்சம் வளர்ந்ததும் கடலுக்குப் போகும். சில ஆண்டுகள் கழித்து, பிறந்த ஆற்றையே தேடிவந்து முட்டையிட்டு இறந்துவிடும். சினூக், கோஹோ, சாக்கை, சம், பிங்க் என்று அந்தக் கரையில் ஐந்து வகைகள் உண்டு.

ஸ்டீல்ஹெட் நமக்குத் தூரத்துச் சொந்தம். நீலகிரி அவலாஞ்சியில் 1907-ல் எச்.சி. வில்சன் அமைத்த டிரவுட் பொரிப்பகத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நீலகிரி ஓடைகளில் இருக்கும் அந்த ரெயின்போ டிரவுட்டும் ஸ்டீல்ஹெட்டும் ஒரே இனம். ஆற்றிலேயே தங்கிவிட்டால் ரெயின்போ டிரவுட், கடலுக்குப் போய்த் திரும்பினால் ஸ்டீல்ஹெட், அவ்வளவுதான் வித்தியாசம். சால்மன் மாதிரி ஒரே தடவை முட்டையிட்டு எல்லா ஸ்டீல்ஹெட்டும் சாவதில்லை. சில மீன்கள் கடலுக்குத் திரும்பிப் போய் மறுபடியும் வரும்.

பசிபிக் கரையின் முதல் சால்மன் பொரிப்பகத்தை 1872-ல் கலிபோர்னியாவின் மெக்ளவுட் ஆற்றங்கரையில் லிவிங்ஸ்டன் ஸ்டோன் என்பவர் தொடங்கினார். பிறகு அணைகள் வந்தன. கொலம்பியா ஆற்றில் 1938-ல் பான்வில் அணை வந்தது. மீன் ஏறிப்போக அதில் படிக்கட்டு மாதிரி வழி வைத்தார்கள். அதற்கும் வெகு மேலே கட்டிய கிராண்ட் கூலி அணையில் அந்த வழியே கிடையாது. அணைக்கு மேலே இருந்த முட்டையிடும் இடங்களெல்லாம் சால்மனுக்கு ஒரேயடியாக அடைபட்டுப்போயின. இழந்த மீனுக்கு ஈடாகப் பொரிப்பகங்களைப் பெருக்கினார்கள். இன்று கோடிக்கணக்கான குஞ்சுகள் ஆண்டுதோறும் ஆற்றில் விடப்படுகின்றன.

அப்படியும் ஆற்றில் பிறக்கும் மீன் குறைந்துகொண்டே வந்தது. 1991-ல் ஸ்னேக் ஆற்று சாக்கை சால்மனை அழியும் நிலையில் உள்ள இனம் என்று அரசு அறிவித்தது. அடுத்த ஆண்டு, 1992-ல், ஐடஹோவின் ரெட்ஃபிஷ் ஏரிக்குத் திரும்பி வந்தது ஒரே ஒரு மீன்தான், அதுவும் ஆண் மீன். தனிக்கட்டை லாரி என்று பொருள்படும்படி அதற்கு ‘லோன்சம் லாரி’ என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

மீன் மீன்தானே, பொரிப்பகத்தில் பிறந்தால் என்ன, ஆற்றில் பிறந்தால் என்ன? இந்தக் கேள்வி அங்கேயும் பல காலம் இருந்தது. ஓரிகன் மாநிலத்தின் ஹூட் ஆற்றில் ஸ்டீல்ஹெட் மீன்களின் பரம்பரையை மரபணு மூலம் தொடர்ந்து பார்த்தார்கள். 2007-ல் வெளியான அந்த ஆய்வின்படி, பொரிப்பகத்தில் வளர்க்கும் ஒவ்வொரு தலைமுறைக்கும், ஆற்றில் பிள்ளை பெற்றுப் பிழைக்க வைக்கும் திறன் ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்துபோகிறது. முட்டைக்காகவே உருவாக்கிய கோழி அடை உட்காராததை நாம் பார்த்திருக்கிறோமே, அந்த மாதிரி. தொட்டித் தண்ணீரிலும் தூவும் தீவனத்திலும் தேறுகிற குணம் வெள்ளத்திலும் வறட்சியிலும் உதவாது. இப்படிப்பட்ட மீன் ஆற்று மீனோடு கலந்து முட்டையிட்டால் ஆற்று மீனின் வம்சமும் தளர்ந்துபோகும். பொரிப்பக மீனைப் பிடித்து எடுக்கவும் வேண்டும், ஆற்று மீனைக் காப்பாற்றவும் வேண்டும். இரண்டும் ஒரே ஆற்றில், ஒரே நாளில், ஒரே தூண்டிலில் வருகின்றன. அதனால்தான் அடையாளம் வேண்டியிருக்கிறது.

எந்தத் துடுப்பு?

முதுகின் நடுவில் பெரிய துடுப்பு ஒன்று இருக்கும். அதற்கும் வாலுக்கும் இடையில், முள்ளே இல்லாமல் சதைத் துண்டு மாதிரி இன்னொரு சின்னத் துடுப்பு இருக்கும். இதைக் கொழுப்புத் துடுப்பு என்பார்கள். நம் ஆற்றுக் கெளுத்தியின் முதுகில் பின்பக்கம் வழவழவென்று ஒரு சதைத் துடுப்பைப் பார்த்திருப்பீர்கள், அதே வகைதான். சால்மனில் அளவு சின்னது.

குஞ்சு விரல் நீளம் இருக்கும்போதே இதை நறுக்கிவிடுகிறார்கள். கையால் என்றால் மயக்க மருந்து கலந்த தண்ணீரில் குஞ்சை விட்டு, சின்னக் கத்தரியால் வெட்டுகிறார்கள். இப்போது பல இடங்களில் வண்டியில் பொருத்திய இயந்திரமே குஞ்சின் நீளத்தை அளந்து, ஆள் கைபடாமல் நறுக்கிவிடுகிறது. அடியோடு வெட்டினால் மறுபடி வளராது, இடம் ஆறி வழவழப்பான தழும்பாகிவிடும்.

அந்தத் தழும்புதான் முக்கியம். வாஷிங்டன் மாநில விதியில், பொரிப்பக மீன் என்றால் துடுப்பு நறுக்கப்பட்டு, அந்த இடத்தில் ஆறிய தழும்பு இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். கரையில் உட்கார்ந்து பிளேடால் துடுப்பை அறுத்துவிட்டு ‘இது பொரிப்பக மீன்தான்’ என்று சொல்கிற ஆட்களும் இருக்கலாம் அல்லவா? புதுக் காயம் இருந்தால் அந்தக் கதை எடுபடாது. ஸ்டீல்ஹெட்டில் வயிற்றுப் பக்கத் துடுப்பு நறுக்கித் தழும்பு இருந்தாலும் அங்கே பொரிப்பக மீனாகவே எடுத்துக்கொள்கிறார்கள்.

கையில் மீன் சிக்கியதும்

பார்த்து முடிவெடுக்க உங்களுக்குச் சில நொடிகள்தான். மீனைக் கரைக்கு இழுத்துப் போட்டுவிட்டுப் பார்ப்பது நம் பழக்கம். அங்கே அது கூடாது. வாஷிங்டன் ஆறுகளில், வைத்துக்கொள்ளக் கூடாத சால்மனையோ ஸ்டீல்ஹெட்டையோ தண்ணீருக்கு வெளியே முழுவதும் தூக்குவதே குற்றம். போட்டோ எடுக்கத் தூக்கிப் பிடிப்பதும் அதில் அடங்கும். முட்டையிட வந்திருக்கும் மீன் அது. மூச்சுக்குத் தவிக்கவிட்டு, கையால் வழவழப்பைத் துடைத்துவிட்டால், விட்ட பிறகும் செத்துப்போகலாம்.

மீனைத் தண்ணீரிலேயே வைத்து, முதுகுக்கும் வாலுக்கும் நடுவில் பாருங்கள். துடுப்பு இருந்தால், தூண்டில் முள்ளைக் கழற்றி, மீனைத் தண்ணீர் ஓட்டத்தைப் பார்த்துப் பிடித்து, தானாக நீந்திப் போகும்வரை தாங்கிவிடுங்கள். பல ஆறுகளில் எதிர்முள் இல்லாத தூண்டில்தான் அனுமதி. சுலபமாகக் கழற்றத்தான் அந்த விதி. பாதித் துடுப்பு இருக்கிறது, இல்லை என்று குழப்பமாக இருந்தால் என் யோசனை ஒன்றுதான்: விட்டுவிடுங்கள். ஒரு மீன் போனால் போகிறது.

துடுப்போடு வகையும் தெரிய வேண்டும். ஒரே ஆற்றில் சினூக்குக்கு ஒரு வரம்பு, கோஹோவுக்கு வேறு வரம்பு இருக்கும். வாயைத் திறந்து ஈறைப் பாருங்கள். சினூக்கின் ஈறு கறுப்பு, கோஹோவின் ஈறு வெளுப்பு. வாலில் மேல் கீழ் இரண்டு பக்கமும் புள்ளி இருந்தால் சினூக், மேல் பக்கம் மட்டும் என்றால் கோஹோ. பிங்க், சம் வகைகளுக்குப் பெரும்பாலும் துடுப்பு நறுக்குவதில்லை. எனவே துடுப்பு விதி முக்கியமாக சினூக், கோஹோ, ஸ்டீல்ஹெட் மூன்றுக்கும்தான்.

வரம்பு யாரைக் காக்க?

நாள் வரம்பு, கைவசம் வைத்திருக்கும் வரம்பு, ஆண்டு வரம்பு என்று மூன்று உண்டு. ஓரிகனில் பொதுவான நாள் வரம்பு வளர்ந்த சால்மன், ஸ்டீல்ஹெட் சேர்த்து 2. அதோடு ‘ஜாக்’ எனப்படும் சின்ன சால்மன் 5. ஜாக் என்பது சகாக்களுக்கு முன்பே, அவசரப்பட்டு ஆற்றுக்கு வந்துவிடும் இளம் ஆண் மீன். சினூக்கில் 24 அங்குலம் வரை, கோஹோவில் 20 அங்குலம் வரை ஜாக் கணக்கு. அதனால் அளவுநாடா இல்லாமல் ஆற்றுக்குப் போகாதீர்கள்.

நாள் வரம்பு என்பது ஆளுக்கு. உங்களுக்கு உரிய இரண்டைப் பிடித்துவிட்டு, பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும் மருமகன் கணக்கில் மூன்றாவதைப் பிடிக்கலாம் என்று நினைக்காதீர்கள். சின்ன மீனைப் பையில் போட்டுவிட்டு, பெரிது கிடைத்ததும் சின்னதை ஆற்றில் வீசி மாற்றிக்கொள்வதும் தவறு. வைத்துக்கொண்ட மீன் கணக்கில் சேர்ந்துவிட்டது.

இந்த எண்ணிக்கைகளை எப்படி முடிவு செய்கிறார்கள் என்பதுதான் சுவையான பகுதி. பொரிப்பக மீன் தீர்ந்துவிடும் என்ற பயத்தில் வரம்பு வைக்கிறார்கள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. கணக்கு ஆற்று மீனின் சாவை வைத்துத்தான். விட்டுவிடுகிற மீனில் சில எப்படியும் சாகும். ஒரு உதாரணத்துக்கு, விட்ட 100-ல் 10 சாகும் என்றும், அந்த ஆற்றில் இந்த ஆண்டு 200 ஆற்று மீன் வரை சாவதைத் தாங்கலாம் என்றும் வைத்துக்கொள்வோம். அப்படியானால் 2,000 ஆற்று மீனைப் பிடித்து விட்டதும் அந்தப் பருவம் முடிந்தது. அப்போது ஆற்றில் பொரிப்பக மீன் பொங்கி வழிந்தாலும் தூண்டிலைச் சுருட்ட வேண்டியதுதான். ‘இவ்வளவு மீன் இருக்கும்போது ஏன் மூடினார்கள்’ என்று கரையில் திட்டுகிறவர்களுக்கு இதுதான் பதில். நீங்கள் மீனைப் பதமாக விட்டால் சாவு குறையும், பருவமும் நீளும்.

ஒவ்வொரு ஆண்டும் எவ்வளவு மீன் வரும் என்று முன்கூட்டியே மதிப்பிட்டு, வசந்த காலத்தில் கூடிப் பேசி முடிவெடுக்கிறார்கள். வாஷிங்டனில் அந்தக் கூட்டங்களுக்கு ‘நார்த் ஆஃப் ஃபால்கன்’ என்று பெயர். ஓரிகனின் வடகோடியில் இருக்கும் ஃபால்கன் முனையை வைத்து வந்த பெயர். அரசு மட்டும் உட்கார்ந்து முடிவெடுப்பதில்லை, பழங்குடிகளும் சம உரிமையோடு உட்காருகிறார்கள். 1850-களில் நிலத்தைக் கொடுத்தபோதும் மீன்பிடி உரிமையை ஒப்பந்தத்தில் எழுதி வைத்துக்கொண்டவர்கள் அவர்கள். பிடிக்கத்தக்க மீனில் பாதி அவர்கள் பங்கு என்று 1974-ல் நீதிபதி ஜார்ஜ் போல்ட் தீர்ப்பளித்தார். பழங்குடியினர் வலை போடுவதைப் பார்த்து, நமக்கு மட்டும் ஏன் தூண்டில் என்று கேட்காதீர்கள். அவர்களுக்குப் பொருந்தும் விதியே வேறு.

நடுவில் அவசர விதியும் வரும். பொரிப்பகத்துக்கே முட்டை எடுக்கப் போதுமான தாய் மீன் வரவில்லையென்றால் ஆற்றை மூடிவிடுவார்கள். கலிபோர்னியாவில் மீன் வரத்து மிக மோசமானதால் 2023, 2024 இரண்டு ஆண்டும் கடல் சால்மன் பிடிப்பை முழுதாகவே நிறுத்திவிட்டார்கள். போன மாதம் அச்சடித்த விதிப் புத்தகத்தை நம்பிப் போகாமல், கிளம்பும் நாளன்று மீன்துறை இணையதளத்தைப் பிள்ளையிடம் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள்.

டேக் அட்டை

உரிமம் வாங்கினால் மட்டும் போதாது. சால்மன், ஸ்டீல்ஹெட் பிடிக்கத் தனியாக ஒரு பதிவு அட்டை அல்லது டேக் வேண்டும். வாஷிங்டனில் இதைப் பிடி பதிவு அட்டை என்கிறார்கள். அங்கே 15 வயதுக்குக் கீழ் இருப்பவர்களுக்கு உரிமம் வேண்டாம், ஆனால் அட்டை வேண்டும். பேரன் தூண்டிலில் மீன் மாட்டினாலும் பேரன் பெயரில்தான் பதிய வேண்டும்.

மீனை வைத்துக்கொள்வது என்று முடிவெடுத்த உடனே எழுத வேண்டும். தேதி, ஆற்றின் குறியீட்டு எண், மீன் வகை, துடுப்பு நறுக்கியதா இல்லையா, எல்லாம் பேனாவால். ‘வீட்டுக்குப் போய் எழுதிக்கொள்ளலாம்’ என்று மறுபடி தூண்டிலை வீசினால் அதுவே குற்றம். ஐடஹோவில் இன்னும் கண்டிப்பு, அனுமதிச் சீட்டிலேயே ஒரு துண்டை வெட்டி எடுக்க வேண்டும். பேருந்தில் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்த காலம் ஞாபகம் வருகிறதா? ஒருமுறை கிழித்ததை மறுபடி பயன்படுத்த முடியாது, அதே தந்திரம்தான். ஓரிகனில் கைப்பேசிச் செயலியிலும் பதியலாம். ஜாக் மீனை அங்கே டேக்கில் எழுத வேண்டியதில்லை.

ஓரிகனில் பொதுவான டேக்கில் ஆண்டுக்கு 20 சால்மன், ஸ்டீல்ஹெட் வரை பதியலாம். அதற்கு மேலும் பிடிக்க விரும்புகிறவர்களுக்குப் ‘பொரிப்பக அறுவடை டேக்’ என்று தனியாக விற்கிறார்கள். அதில் 10 மீன் பதியலாம், தீர்ந்தால் இன்னொன்று வாங்கலாம். ஆனால் துடுப்பு நறுக்கிய மீனை மட்டும்தான் அதில் எழுத முடியும். வரம்பைத் தாண்ட அரசே வழி வைத்திருக்கிறதே என்று தோன்றும். பொரிப்பக மீன் எவ்வளவு வெளியே போகிறதோ அவ்வளவு நல்லது, ஆற்று மீனோடு கலக்க மிஞ்சாது. நெல் வயலில் கலவன் பயிரைப் பிடுங்கி எறிகிறோமே, அந்த வேலையைத் தூண்டில்காரர் காசு கொடுத்துச் செய்கிறார்.

மூக்குக்குள் ஒரு கம்பி

துடுப்பு வெட்டு ‘பொரிப்பக மீன்’ என்று மட்டும்தான் சொல்லும். எந்தப் பொரிப்பகம், எந்த ஆண்டு என்று சொல்லாது. நம் மாட்டின் காதில் 12 இலக்க எண்ணோடு ஒரு மஞ்சள் காதுவில்லை போடுகிறார்களே, அதுபோல மீனுக்கும் ஒன்று உண்டு. ஒரு பகுதிக் குஞ்சுகளுக்கு மூக்குக் குருத்தெலும்பில் 1.1 மில்லிமீட்டர் நீளமுள்ள எஃகுக் கம்பித் துண்டைச் செலுத்துகிறார்கள். கேழ்வரகு மணியை விடச் சின்னது. அதன்மேல் எண் பொறித்திருக்கும். 1960-களில் வந்த முறை இது, இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது.

கரையில் மீன்துறை ஆட்கள் உலோகம் கண்டறியும் கருவியை மீன் தலையில் ஓட்டிப் பார்ப்பார்கள். சத்தம் வந்தால் தலையைக் கேட்பார்கள். கொடுத்துவிடுங்கள், உடல் உங்களுக்குத்தான். கலிபோர்னியாவில் கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும் என்று விதியே உண்டு. மீன்தலைக் குழம்புக்காரர்களுக்கு இது வருத்தமான விதிதான், எனக்கும் தெரிகிறது. ஆனால் அந்தத் தலையிலிருக்கும் எண்ணை உருப்பெருக்கியில் படித்துத்தான், எந்தப் பொரிப்பகத்து மீன் எந்தக் கடலில் எவ்வளவு பிடிபட்டது என்று கணக்கெடுத்து, அடுத்த ஆண்டு வரம்பை வைக்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. சில பொரிப்பகங்கள் தாய் மீனைப் பெருக்குவதற்காக, துடுப்பை நறுக்காமல் கம்பி மட்டும் வைத்தும் குஞ்சு விடுகின்றன. கலிபோர்னியாவின் மத்தியப் பள்ளத்தாக்கில் இலையுதிர் காலத்து சினூக் குஞ்சுகளில் 2007 முதல் நான்கில் ஒன்றுக்குத்தான் துடுப்பு நறுக்கி வந்தார்கள். ஆகவே துடுப்பு இருக்கும் மீனெல்லாம் ஆற்றில் பிறந்தது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அது உங்கள் கவலை இல்லை. ‘துடுப்பு நறுக்கியது மட்டும்’ என்று எழுதியிருக்கும் ஆற்றில் துடுப்போடு வந்தால் விட வேண்டும், பொரிப்பக மீன்தான் என்று உங்களுக்கு உறுதியாகவே தெரிந்தாலும்.

தூண்டில் போடாமல் பார்க்க மட்டும் விருப்பம் என்றால், சியாட்டிலுக்குப் பக்கத்தில் இசக்வா ஊரின் நடுவிலேயே 1930-களில் கட்டிய சால்மன் பொரிப்பகம் இருக்கிறது. செப்டம்பர், அக்டோபரில் மீன் ஏறிவரும். பான்வில் அணையில் கண்ணாடி வழியாக மீன் ஏறுவதைப் பார்க்கலாம். அங்கே உட்கார்ந்து ஒவ்வொன்றாக எண்ணுகிறவர்கள், துடுப்புள்ள ஸ்டீல்ஹெட்டைத் தனியாகவும் எண்ணுகிறார்கள்.

தூண்டில் போடுவதென்றால், வாஷிங்டனில் வெளியூர்க்காரர்களுக்கு ஒரு நாள், இரண்டு நாள், மூன்று நாள் உரிமமும் உண்டு. ஊருக்குத் திரும்பும்போது ஒன்றை மறந்துவிடாதீர்கள். அங்கே அட்டைக் கணக்கு ஏப்ரல் முதல் மார்ச் வரை. ஒரு மீன்கூடப் பிடிக்காவிட்டாலும் ஏப்ரல் 30-க்குள் அட்டை மீன்துறைக்குப் போய்ச்சேர வேண்டும். வெறும் அட்டையும் அவர்களுக்குக் கணக்குதான், எத்தனை பேர் போட்டு எத்தனை கிடைத்தது என்று அதிலிருந்துதான் மதிப்பிடுகிறார்கள். விமானம் ஏறும் முன் அட்டையைப் பிள்ளையிடம் கொடுத்து, தேதியைச் சொல்லிவிட்டு வாருங்கள். கலிபோர்னியா ஸ்டீல்ஹெட் அட்டை என்றால் ஜனவரி 31.